நிலவைச் சுற்றி எடுத்த படங்கள்

"நிலவுக்குப் போகிற கதையெல்லாம் படித்து நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது, வாத்தியாரே?" என்று ஜுரு வட்டாரத்துப் பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கு விடையாகவே இன்றைய உரை அமைகின்றது.

நிலவில் வடை சுடும் பாட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம் அல்லவா? அந்தக் கறுப்புத் திட்டுகள், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்தோடி இறுகிய சமவெளிகள். நிலவு எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுவதால், அதன் மறுபுறத்தை 1959 வரை எவரும் கண்டதில்லை. அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் சோவியத் நாட்டின் லூனா 3 விண்கலம் அதைப் படமெடுத்தது. படச்சுருளைக் கலத்துக்குள்ளேயே கழுவி, வானொலி அலைகளின் வழியாகவே பூமிக்கு அனுப்பியது. படங்கள் மங்கல்தாம். ஆனாலும், மறுபுறத்தில் கறுப்புச் சமவெளிகள் மிகக் குறைவு என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

அடுத்து 1966, 1967-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலவைச் சுற்றிவந்து, அதன் பரப்பில் 99 விழுக்காட்டைப் படமெடுத்தன. மனிதன் இறங்கத் தக்க இடத்தை அப்படங்களைக் கொண்டே தேர்ந்தார்கள். 2008 அக்டோபர் 22-இல் இந்தியாவின் சந்திரயான் 1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிச் சிற்றூரில் பிறந்தவர்.

இப்படங்களைப் படிக்க ஒரு முறை உண்டு. உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல் தெரியும். காலைச் சாய்வெயிலிலோ சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். சூரியனின் கோணமும் நிழலின் நீளமும் தெரிந்தால் நிலவின் மலை உயரத்தைக் கணக்கிடலாம். ஆனால் சூரியன் மிகவும் தாழ்ந்துவிட்டால், அந்த நிழலே பொருள்களை மறைத்தும்விடும்.

2019-இல் அப்படித்தான் நடந்தது. செப்டம்பர் 7-ஆம் நாள், சந்திரயான் 2 கொண்டு சென்ற விக்ரம் என்னும் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதறியது. பத்து நாள் கழித்து அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. கலம் அவ்விடத்தைப் படமெடுத்தது. அங்கே அப்போது அந்திநேரம், எங்கும் நெடுநிழல். நாசா அறிஞர்களுக்கு விக்ரம் தென்படவில்லை. எனவே படத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள்.

சென்னையில் பணியாற்றிய பொறியியலாளர் சண்முக சுப்பிரமணியன் விண்வெளித் துறையைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, இடம் இடமாக ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரே ஒரு வெண்புள்ளி புதியதில் இருந்தது! நாசாவுக்கு எழுதினார். நல்ல வெளிச்சத்தில் பின்னர் எடுத்த படங்களோடு அறிஞர்கள் சரிபார்த்தார்கள். அது விக்ரமின் சிதறல்தான். மோதிய இடத்திலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் அவர் பெயரைச் சொல்லியே நாசா அறிவித்தது.

தம் நிரையில் நிற்கும் நூற்றுக்கணக்கான மரங்களில் ஒன்றின் பட்டை மாறினாலும் கண்டுகொள்ளும் கண், பால்மரம் வெட்டிய நம் பெற்றோருக்கு இருந்தது. சண்முக சுப்பிரமணியனின் வேலையும் அத்தகையதே. பொறுமையும் கூர்ந்த பார்வையும் நமக்குப் புதியவை அல்ல.

இறங்குகலம் சிதறினாலும், சந்திரயான் 2-இன் சுற்றுகலம் நிலவைச் சுற்றிக்கொண்டே படமெடுத்தது. அப்படங்களின் துணையோடு பாதுகாப்பான இடம் தேர்ந்து, 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன்.

பெற்றோர்களே, நிலவின் படங்கள் இன்று கணினியில் இலவசமாகவே கிடைக்கின்றன. நூல்நிலையத்திலோ பள்ளியிலோ பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றைப் பாருங்கள். "இதில் என்ன தெரிகிறது? அதில் ஏன் தெரியவில்லை?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு நிலவும் தூரமில்லை.