மீக்கர், ரே

ரே மீக்கர் (பி. 1944): புதுச்சேரியைப் பணிக்களமாகக் கொண்ட அமெரிக்கச் சுடுமண் கலைஞர், ஆசிரியர். நியூயார்க்கில் பிறந்தார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதலில் கட்டடக்கலையும் பின்னர் மட்பாண்டக் கலையும் பயின்றார்.

பட்டறை

சென்னைக்குத் தெற்கே சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி 1971இல் தொடங்கப்பட்டது. மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அதன் நிறுவனர்கள் என்பதே பொதுவழக்கு. எனினும், ஜப்பானின் பிஸென் மரபில் தொழில் பழகிய ஸ்மித்தே முதலில் வந்து அடித்தளமிட்டவர் எனக் கொள்வதற்கும் இடமுண்டு. ஊர்ச் சூளையில் வேகும் பானை பெரும்பாலும் 1,000 டிகிரி செல்சியசை எட்டாது. மண் நுண்துளைகளோடு நிற்பதால் நீர் கசிந்து குளிர்கிறது. கோல்டன் பிரிட்ஜிலோ 1,300 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், நீர் ஊடுருவாத ஸ்டோன்வேர் கலங்கள் சவுக்கு விறகில் சுடப்பட்டன.

சுட்ட வீடுகள்

மீக்கரின் பணிகளில் விரிவாகப் பதிவாகியிருப்பது 1985 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு மேல் நீண்ட கட்டட முயற்சி. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதிர் கலீலியின் சோதனைகள் இதற்குத் தூண்டுதல். சுடாத பச்சைச் செங்கல்லையும் மண்சாந்தையும் கொண்டு வளைவுக் கூரையோடு வீடு எழுப்பப்படும். உள்ளே செங்கல், ஓடு போன்றவை அடுக்கப்பட்டு, வாசலும் சாளரமும் அடைக்கப்படும். பிறகு வீட்டுக்கே தீ மூட்டப்படும். மூன்று நான்கு நாள் எரிந்து ஆறியபின் உள்ளிருந்த சரக்கு விற்பனைக்குப் போகும். சூளையாக நின்றதே வீடாகும். சாதாரணச் சூளையின் சுவர்கள் உறிஞ்சி வீணாக்கும் வெப்பம் இங்கே சுவரையே கல்லாக்குகிறது. சிமெண்டும் இரும்பும் மிகக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆரோவில்லில் உள்ள ‘அக்னி ஜாதா’ இவ்வகையில் பெயர்பெற்றது. செய்த இடத்திலேயே சுடப்பட்ட பெரிய அய்யனார் குதிரைகளை அறிந்த நிலப்பகுதியில் இம்முயற்சி நடந்தது குறிப்பிடத்தக்கது.

ஏழைகளுக்கான மலிவான வீடாக இது அமையுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விறகின் விலை, மண்ணின் தன்மை, உள்ளே சுட்ட பொருளுக்குக் கிடைக்கும் சந்தை ஆகியவற்றைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

ஆசிரியப் பணி

பட்டறையில் தங்கிப் பல மாதங்கள் பயிலும் முறை 1980களில் நிலைபெற்றது. மண் பிசைதல், சக்கரத்தில் வனைதல், கிளேஸ் (மெருகுப் பூச்சு) கலத்தல், சூளை கட்டுதல், இரவெல்லாம் விறகிட்டுத் தீயைக் காத்தல் என எல்லாவற்றையும் மாணவர் தம் கையாலேயே செய்து கற்றனர். வினீத் கக்கர், ஆதில் ரைட்டர், ராக்கி கானே, கிறிஸ்டின் மைக்கேல், ஷர்பானி தாஸ் குப்தா ஆகியோர் இங்குப் பயின்றவர்கள். முதல் இருவரும் மீக்கரைப் போலவே கட்டடக்கலையிலிருந்து களிமண்ணுக்கு வந்தவர்கள்.

பிற்காலம்

கட்டட முயற்சிக்குப் பின்னர் மீக்கர் பெரிய ஸ்டோன்வேர் சிற்பங்களுக்குத் திரும்பினார். ஜெய்ப்பூர் ஜவகர் கலா கேந்திரத்தில் 2018இல் நடந்த முதல் இந்தியச் செராமிக்ஸ் டிரைஎன்னாலே என்னும் மட்கலைக் கண்காட்சியை ஒருங்கிணைத்தவர்களில் அவருடைய மாணவர்களும் இருந்தனர்.