ஜார்ஜ் ஹாரிசனின் தனி இசைப்பயணமும் ஸ்லைடு கிதாரும்

முன்னுரை

பீட்டில்ஸ் குழு 1970இல் பிரிந்தபின் அதன் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் (1943–2001) மேற்கொண்ட தனி இசைப்பயணம் பற்றிய எழுத்துகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. லெனன், மெக்கார்ட்னி என்ற இரு பெரும் பாடலாசிரியர்களுக்கு நடுவே இடம் கிடைக்காமல் தேங்கிக் கிடந்த அவருடைய பாடல்கள் 1970இல் மடை திறந்தன. சேமிப்பு தீர்ந்ததும் ஊற்று வறண்டது என்பதே அந்தக் கதை. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் பாடல்களின் எண்ணிக்கையையும் விற்பனையையும் மட்டுமே அது அளவுகோலாகக் கொள்கிறது. ஒரு கிதார் கலைஞரின் தனிவாழ்வை அவருடைய வாசிப்பைக் கொண்டே முதலில் மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால், ஹாரிசன் தமக்கே உரிய கிதார் குரலைக் கண்டடைந்தது குழுவுக்கு வெளியேதான் என்பதும், அது கடைசிவரை வளர்ந்துகொண்டே வந்தது என்பதும் தெளிவாகும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

வழக்கமான கதையின் வலிமையும் குறையும்

1970 நவம்பரில் வெளியான ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ மூன்று இசைத்தட்டுகள் கொண்ட பெரிய தொகுப்பு. ஃபில் ஸ்பெக்டருடன் சேர்ந்து ஹாரிசன் அதைத் தயாரித்தார். அதில் உள்ள ‘இஸின்ட் இட் எ பிட்டி’ 1966இலேயே எழுதப்பட்டது. தலைப்புப் பாடலை பீட்டில்ஸ் 1969 ஜனவரியில் ஒத்திகை பார்த்துக் கைவிட்டிருந்தது. தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘மை ஸ்வீட் லார்ட்’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. பிரிந்த நால்வரில் தனிப்பாடலால் அந்த இடத்தை முதலில் எட்டியவர் ஹாரிசன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1982இல் வந்த ‘கான் ட்ரொப்போ’ அதே அமெரிக்கப் பட்டியலில் 108ஆம் இடத்தைத்தான் எட்டியது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்தால் சரிவு என்ற முடிவு இயல்பாகவே வந்துவிடுகிறது.

ஆனால் குழுவில் அவர் இழந்தது பாடல்களுக்கான இடம் மட்டுமன்று. 1966இல் அவருடைய சொந்தப் பாடலான ‘டேக்ஸ்மேன்’ பதிவானபோது அதன் தனி வாசிப்பைச் செய்தவர் மெக்கார்ட்னி. 1968இல் ஹாரிசனே எழுதிய ‘வைல் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாடலில் முதன்மைக் கிதாரை வாசித்தவர் எரிக் கிளாப்டன். கிதாரைப் பற்றியே எழுதிய பாடலில் கிதாரைப் பேசவைக்க நண்பரை அழைத்துவந்தவர் ஹாரிசன்தான். குழுவின் முதன்மைக் கிதார் கலைஞராக உலகம் அறிந்த ஒருவர், தம் பாடல்களிலேயே அந்த இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதை ‘தேங்கிய பாடல்கள்’ கதையால் விளக்க முடியாது.

சித்தாரிலிருந்து ஸ்லைடுக்கு

1966 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் ஹாரிசனின் உழைப்பில் பெரும்பகுதி சித்தாருக்குப் போனது. பண்டிட் ரவிசங்கரிடம் பம்பாயில் பாடம் கேட்டார். இளமையிலேயே பயிற்சியைத் தொடங்கிய வித்வான்களின் நிலையைத் தாம் எட்ட முடியாது என்பதை உணர்ந்து, 1968இல் மீண்டும் கிதாருக்குத் திரும்பினார். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் இதை முடிந்துபோன ஒரு மோகமாகவே பதிவு செய்கிறார்கள். ஆனால் விரல் மறந்ததைச் செவி மறக்கவில்லை. சித்தாரில் ஒரே மீட்டலில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ‘மீண்ட்’ தான் இந்துஸ்தானி வாசிப்பின் உயிர். மெட்டுகளில், அதாவது கழுத்தின் குறுக்குக் கம்பிகளில், விரல் பதித்து வாசிக்கும் கிதாரில் அதற்கு வழி குறைவு.

1969 டிசம்பரில் டிலேனி அண்ட் பானி குழுவுடன் மேடைப்பயணம் போனபோது ஹாரிசன் ஸ்லைடு வாசிப்பைக் கையிலெடுத்தார். விரலில் அணிந்த கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்தியின்மேல் நகர்த்தி, மெட்டில் அழுத்தாமலே சுரம் எழுப்பும் முறை அது. சித்திரவீணையில் கட்டையை நகர்த்தி ஜாரு கமகம் பிடிப்பதைக் கேட்டவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் புலப்படும். குழாய் மெட்டுக்கம்பிக்கு நேர் மேலே வந்து நிற்காவிட்டால் சுருதி பிசகும். ஆகவே கை வேகத்தைவிடச் செவித் துல்லியமே இங்கு முக்கியம். சித்தார் ஆண்டுகள் அவருக்கு விட்டுச்சென்ற செல்வமும் அதுவே.

‘மை ஸ்வீட் லார்ட்’ பாடலின் தொடக்கத்தைக் கூர்ந்து கேட்டால் இது விளங்கும். பல அக்கூஸ்டிக் கிதார்கள் சேர்ந்து இரண்டே ஸ்வரக்கட்டுகளை மாற்றி மாற்றி மீட்டுகின்றன. அதன்மேல் ஸ்லைடு கிதார் ஒரு சிறு மெட்டைப் பாடுகிறது. இன்னொரு ஸ்லைடு வரி ஒத்திசைந்து கூடவே நகர்கிறது. சுரங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட இடத்தில் வந்து இறங்குகிறது. இந்தப் பாடலுக்காக ஹாரிசன்மீது தொடுக்கப்பட்ட காப்புரிமை வழக்கில், ‘ஹீஸ் சோ ஃபைன்’ பாடலை அவர் அறியாமலே ஆழ்மனத்திலிருந்து எடுத்தாண்டார் என்று 1976இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஒப்பிட்டது குரல் மெட்டின் இரு சிறு சுரத்தொடர்களை. பாடலைச் சில நொடிகளிலேயே அடையாளம் காட்டும் ஸ்லைடு வரி அவற்றில் சேராது.

ஒரு மறுப்பும் விடையும்

ஸ்லைடு வாசிப்பு அமெரிக்க ப்ளூஸ் மரபுக்குச் சொந்தமானது. அதை இந்திய இசையோடு இணைப்பது மிகை என்று மறுக்கலாம். கருவி முறை ப்ளூஸிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்து ஸ்லைடு கலைஞர் டுவேன் ஆல்மனின் வாசிப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆல்மனிடம் மேடையில் அப்போதைக்கப்போது பெருகும் நீண்ட கற்பனை. ஹாரிசனிடம் வாய்ப்பாட்டாகவே பாடிவிடக்கூடிய, கட்டமைத்த சிறு மெட்டு. 1971இல் அவர் தயாரித்த, பேட்ஃபிங்கர் குழுவின் ‘டே ஆஃப்டர் டே’, 1973இல் அவரே பாடிய ‘கிவ் மீ லவ்’, 1995இல் பீட்டில்ஸில் எஞ்சிய மூவரும் சேர்ந்து முடித்த ‘ஃப்ரீ அஸ் எ பர்ட்’ ஆகிய மூன்றையும் பெயர் பார்க்காமல் கேட்டாலும் வாசிப்பவர் ஒருவரே என்று தெரிந்துவிடும்.

இந்திய இசையுடனான உறவும் அறுபடவில்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக அவரும் ரவிசங்கரும் நடத்திய இரு கச்சேரிகளுக்கு சுமார் 40,000 பேர் வந்தனர். 1974இன் வட அமெரிக்கப் பயணத்தில் தம் மேடையின் ஒரு பகுதியை ரவிசங்கரின் குழுவுக்குக் கொடுத்தார், எல். சுப்பிரமணியமும் டி. வி. கோபாலகிருஷ்ணனும் அக்குழுவில் இருந்தனர். தொண்டை கட்டிய குரலோடு பாடிய அந்தப் பயணத்தை விமரிசகர்கள் கடுமையாகச் சாடினார்கள். பழைய பீட்டில்ஸ் பாடல்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம் நேர்ந்தது உண்மை. ஆயினும் தம் இசையின் வேர் எங்கிருக்கிறது என்பதை அவர் மேடையிலேயே காட்டிய பயணம் அது. 1997இல் வெளிவந்த ‘சான்ட்ஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பை ரவிசங்கருக்காக அவர் தயாரித்தார். அதன் ஒலிப்பதிவு சென்னையிலும் இங்கிலாந்தில் ஹென்லியில் உள்ள அவர் இல்லத்திலும் நடந்தது.

முடிவுரை

ஹாரிசன் மறைந்த பின், மகன் தானியும் இசைக்கலைஞர் ஜெஃப் லின்னும் முடித்து 2002இல் வெளியிட்ட ‘ப்ரெயின்வாஷ்ட்’ தொகுப்பில் ‘மார்வா ப்ளூஸ்’ என்ற வாத்திய இசை இருக்கிறது. பாட்டு வரிகளே இல்லாமல், சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் ஸ்லைடு கிதாரிடம் ஒப்படைத்த படைப்பு அது. மார்வா ராகத்தின் இலக்கணத்தை அது கடைப்பிடிக்கவில்லை. மேற்கத்திய ஸ்வரக்கட்டுகளின் மேல்தான் நடக்கிறது. ஆனால் சுரத்தை நேராகத் தொடாமல் வழுக்கி வந்து சேர்வதும், சேர்ந்த இடத்தில் நின்று நிதானிப்பதும் அவர் சித்தாரிடம் கற்ற பாடமே. 2004இல் இந்தப் படைப்புக்கு கிராமி விருது கிடைத்தது.

1968இல் தம் கிதார் பாடலுக்கே இன்னொருவரை அழைத்தவர், வாழ்வின் இறுதியில் கிதாரை மட்டும் கொண்டு ஒரு முழுப் படைப்பைத் தாங்கினார். இந்த வளர்ச்சியைச் சரிவு என்று எழுதுவது பிழை. ராக் கிதார் கலைஞர்களின் தனிவாழ்வை ஆராய்வோர் விற்பனைப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால், ஹாரிசனின் தனி இசைப்பயணம் பீட்டில்ஸுக்கு எழுதிய பின்னிணைப்பு அன்று, ஒரு கிதார் கலைஞராக அவருடைய முதன்மைப் படைப்புக்காலம் என்றே முடிவு கட்ட வேண்டியிருக்கும்.