பழைய புல்லட்டும் மலிவான டயரும்

விழுப்புரம் மாவட்டம் இரும்பை போன்ற கிராமங்களில் பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு ஒரு கவலை உண்டு. டயர் தேய்ந்தால் இந்த வண்டிக்கு எங்கே கிடைக்கும்? அதற்கான விடை சென்னைத் திருவொற்றியூரில் தொடங்குகிறது.

1946-ல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை அங்கே சிறு கொட்டகையில் பொம்மை பலூன் தயாரித்தார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1952-ல் தேய்ந்த டயர் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கியது. 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் உதவியுடன் டயரும் செய்தது.

1955-ல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் புல்லட் தொழிற்சாலையும் அதே திருவொற்றியூரில்தான் அமைந்தது. பல பத்தாண்டுகள் புல்லட் அதிகம் மாறவில்லை. முன்னும் பின்னும் 3.25-19 அளவு டயர்தான். அதனால் அந்த அளவு டயர் இன்றும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. லாரிக்கு ஒத்துவரும் ரீட்ரேடிங் பைக்குக்கு ஆகாது. வளைவில் சாயும்போது ஒட்டு விட்டுப்போனால் தாங்க மூன்றாவது சக்கரம் இல்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. புது டயர் மாட்டும்போது டியூபையும் மாற்றிவிடுவது நல்லது. இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது சட்டம்.

சில நூறு ரூபாய் மிச்சம் என்று நாள்பட்ட டயரை வாங்கினால், மழைநாளில் திண்டிவனம் சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் அதன் உண்மையான விலை தெரியும்.