மீன் முட்டையிட உத்தரவு போடுவது யார்?

குளத்தில் வளர்கிற ரோகு, கட்லா, மிர்கால் மீன்களுக்கு மழைக்காலத்தில் வயிறு நிறையச் சினை இருக்கும். ஆனால் தேங்கின தண்ணீரில் முட்டை இடாது. வெள்ளம் ஓடுகிற ஆற்றில்தான் இடும். அதனால் முன்பெல்லாம் ஆற்றில் வலை கட்டித்தான் குஞ்சு பிடிப்பார்கள். அதில் நல்ல குஞ்சோடு, அதைத் தின்கிற மீன்களின் குஞ்சும் கலந்து வரும். நஷ்டம் வளர்க்கிறவருக்குத்தான்.

இந்தக் கஷ்டத்துக்கு வழி பிறந்தது 1957 ஜூலை 10 அன்று. ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹி ஆகிய விஞ்ஞானிகள், மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றைச் சினை மீனுக்கு ஊசி போட்டார்கள். மீன் முட்டையிட்டது. அதனால்தான் அந்த நாளை மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சரி, அந்தச் சுரப்பிக்கு உத்தரவு போடுவது யார்? மூளைதான். மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அமெரிக்காவில் ஷாலி என்பவரின் குழு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துண்டுகளைச் சேகரித்து ஆராய்ந்து, 1971-ல் இதன் அமைப்பைக் கண்டுபிடித்தது. பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது! 1977-ல் ஷாலிக்கும், அதே வேலையைச் செய்த கியுமானுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது இன்னும் அதிசயம். இந்த ஹார்மோனைச் சுரக்கும் நரம்புச் செல்கள் கருவில் மூளைக்குள் பிறப்பதில்லை. மூக்கு உருவாகிற இடத்தில் தோன்றி, நரம்பு இழையைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நடந்து போகின்றன. 1989-ல் எலிக் கருவில் இதைக் கண்டார்கள். பிறகு வரிக்குதிரை மீனிலும் பார்த்தார்கள். நம் நாட்டு ஆறுகளிலும் உள்ள சின்ன மீன்தான் அது. அதன் கரு கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால், அந்தச் செல்களைப் பச்சையாக ஒளிரும்படி செய்து, அவை நகர்வதை உயிரோடு கவனிக்க முடிந்தது. கருவுற்று ஒரு நாள் கழித்து மூக்கருகே தெரிகிற செல்கள், சுமார் பன்னிரண்டு நாளில் மூளையின் அடிப்பகுதியை எட்டிவிடுகின்றன.

2010-ல் வெளியான ஆய்வில், இளம் பருவத்திலேயே இந்தச் செல்களை லேசர் ஒளியால் அழித்தார்கள். அந்த மீன்கள் பெரிதானபோது பெட்டைகளின் முட்டை வளர்ச்சி பாதியில் நின்றுபோனது. ஆனால் 2016-ல், ஹார்மோனுக்கான மரபணுவை மட்டும் கெடுத்துப் பார்த்தபோது மீன்கள் வழக்கம்போல இனம் பெருக்கின! ஒரு வழி அடைந்தால் இன்னொரு வழியை உடம்பு தேடிக்கொள்கிறது போலும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இன்று குஞ்சுப் பண்ணைகளில் போடுகிற ஊசி மருந்து, அந்தப் பத்து அமில ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்ததுதான். சுரப்பிக்காக மீன்களைக் கொன்று சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. ஊசி உத்தரவு மட்டும்தான் கொடுக்கும். முற்றாத சினையை முற்ற வைக்காது. ஆகவே தாய் மீனுக்கு முன்கூட்டியே நல்ல தீனி போட்டு, நெருக்கடி இல்லாமல் வளருங்கள். சினை முற்றியதைப் பார்த்த பிறகே ஊசியைத் தொடுங்கள்.