பாடமும் மொழியும்: மானிப்பாய் காட்டிய வழி

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது கார்டன் ரீச். அரசிழந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷா 1856இல் லக்னோவின் கவிதையையும் இசையையும் உடன்கொண்டு இப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் பெங்கால் நாகபுரி இரயில்வேக்கும், 1955 முதல் தென்கிழக்கு இரயில்வேக்கும் இதுவே தலைமையிடம் ஆயிற்று. அலுவல் நாடித் தமிழரும் இங்கு வந்தனர். பெற்றோர் இல்லத்தில் தமிழ் பேச, பிள்ளைகள் பள்ளியில் பிறமொழிகளிற் பாடம் பயின்றனர்.

இத்தகைய குடும்பங்களில் தமிழ் அடுக்களைக்கும் பூசையறைக்கும் மட்டுமே உரியதாகச் சுருங்குவதை நாம் காண்கிறோம். ‘பசிக்கிறது’ என்று தமிழிற் கூறும் பிள்ளை, உண்ட உணவு எவ்வாறு செரிக்கிறது என்பதைத் தமிழில் விளக்கச் சொன்னால் திகைக்கிறது. பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு. முன்னது தாய்மடியில் வரும். பின்னது பயிற்றினாலன்றி வாராது.

நமக்குப் புகலளித்த வங்கத்தார் இதனை முன்னரே உணர்ந்தனர். வாஜித் அலி ஷா இங்கு வந்த அதே 1856இல், அட்சயகுமார் தத்தர் பௌதிகப் பாடநூலொன்றை வங்கமொழியில் வெளியிட்டார். அறிவியலறிஞர் சத்தியேந்திரநாத் போசு, தாய்மொழியில் அறிவியலைப் பரப்புவதற்கென்றே 1948இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவினார்.

தமிழிலும் இத்தகைய முன்னோடி ஒருவர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆங்கிலம் கற்ற மாணவரோ அரசுப் பணி தேடி வெளியூர் செல்ல விரும்பினர். ஊரார்க்கு ஊரிலேயே மருத்துவர் வேண்டுமெனக் கருதிய கிறீன், 1864இல் தமிழில் வகுப்பைத் தொடங்கினார்.

போதிய பாடநூலும் இல்லை, போதிய கலைச்சொல்லும் இல்லை. தமிழ் வளரட்டும், பின்னர்க் கற்பிப்போம் என்று அவர் காத்திருந்தாரல்லர். வழக்கிலிருந்த தமிழ்ச்சொல்லை முதலில் நாடினார். கிடையாவிடத்து வடசொல்லைக் கொண்டார். அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப அமைத்தார். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்றோரே மொழிபெயர்ப்பிலும் துணைநின்றனர். 1873இல் அவர் தாயகம் திரும்புமுன் 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் கற்றிருந்தனர்.

அங்காதிபாதத்தை இன்று உடற்கூற்றியல் என்கிறோம். கெமிஸ்தத்தை வேதியியல் என்கிறோம். சொற்கள் மாறின, வழி மாறவில்லை. மொழியைத் தனியே, பாடத்தைத் தனியே என்று பிரிக்காமல், பாடத்தின் ஊடாகவே மொழியைக் கற்பித்ததுதான் அவ்வழி.

பின்வந்தோர் சொற்களைத் தொகுத்தனர். 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைக் கழகம் கண்டனர். பெ. தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அவை யாவும் அரும்பணிகளே. எனினும் களஞ்சியத்து நெல் விதைத்தாலன்றி முளைக்குமோ? கலைச்சொல்லுக்கு விளைநிலம் வகுப்பறையே.

புலம்பெயர்ந்த நாம் நடத்தும் தமிழ் வகுப்புகளில் எழுத்தும் செய்யுளும் மட்டும் போதா. பள்ளிச்சுமையோடு இதுவும் ஒரு சுமையா எனப் பெற்றோர் வினவலாம். பாடம் புதிதன்று, பள்ளியிற் கற்றதையே தமிழிற் சொல்லச் செய்வதுதான் வேண்டுவது. முதலில் வாயாற் கூறட்டும். வேண்டிய சொற்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். அச்சொற்களைக் கொண்டு பிள்ளை ஐந்து வரி எழுதட்டும். ஒன்றைத் தன் மொழியில் மீண்டும் சொல்லப் புகும்போதுதான் அது விளங்கியதா என்பதும் தெரியும்.

எதிர்க்கரையில், 1787இல் தோன்றிய சிவபூர்த் தாவரவியல் பூங்காவில் புகழ்பெற்ற ஆலமரம் ஒன்று நிற்கிறது. அதன் நடுத்தண்டு நோயுற்று 1925இல் அகற்றப்பட்டது. மரமோ விழுதுகளைக் கொண்டே வாழ்கிறது. அது எவ்வாறு என்று நம் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். விழுது என்னும் சொல்லை அவர்களுக்காக எவரும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.