விஞ்ஞானப் பாடத்திற்குக் காவல்

மனிதன் கீழ்ப்பிராணிகளினின்று தோன்றினானெனச் சர்க்கார் பள்ளிகளிற் போதித்தல் குற்றமென்று, அமெரிக்காவின் டென்னசி மாகாணம் 1925-ல் சட்டஞ் செய்தது. அவ்வாண்டே ஸ்கோப்ஸ் என்னும் உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் விதித்தனர். 1927-ல் அத்தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. சட்டமோ 1967 வரை நிலைத்தது. மறு ஆண்டே, இத்தகைய தடை செல்லாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆர்கன்சா வழக்கிற் கூறிற்று.

தடை ஒழிந்ததும் மதவாதம் வேடம் மாற்றியது. ‘படைப்பு விஞ்ஞானம்’ என வந்தது 1987-ல் தோற்றது. ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் புதுப்பெயருடன் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளிக்குள் நுழைந்ததை 11 பெற்றோர் எதிர்த்து வழக்காடினர். தேசிய விஞ்ஞானக் கல்வி மையம் என்னும் தரும ஸ்தாபனம் அவர்க்குத் துணைநின்றது. 2005-ல், அது மதமேயன்றி விஞ்ஞானமன்றென நீதிபதி தீர்த்தார். 2012 முதல் தட்பவெப்ப மாறுதற் பாடத்தையும் அம்மையம் காத்து வருகிறது.

வென்றவர் பெருந்தலைவரல்லர், பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பும் தாய்தந்தையரே. பாடப்புத்தகத்தைத் திறந்து பார்ப்பது நம் கடமையுமாகும்.