மருத்துவ அறக்கட்டளை (செங்கல்பட்டு வட்டாரம்)

ஒருவர் தம் சொத்தின் வருவாயைத் தம் காலத்துக்குப் பிறகும் ஊராரின் நோய் தீர்க்கச் செலவிடும்படி எழுதிவைப்பது மருத்துவ அறக்கட்டளை. நிலக்கொடை, பொற்கொடை, உயில், டிரஸ்ட் என்று அதன் வடிவம் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் இப்பகுதிக்குப் பக்கத்திலேயே இந்த மரபின் மிகத் தெளிவான பழைய சான்று இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ளது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். பொங்கலை ஒட்டி நடக்கும் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் ஊர் என்றே பலருக்கும் தெரியும். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மாதவன் தாமயன் என்ற வணிகர் எழுப்பிய சனநாத மண்டபத்தில் வேத பாடசாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயர் கொண்ட ஆதுலசாலை ஆகியவை நடந்ததை அது சொல்கிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை.

அங்கே பதினைந்து படுக்கைகள் இருந்தன. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச ஆட்கள் உண்டு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் தனித்தனியே படி. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் ஒரு விளக்கு எரிய எண்ணெய்க்குப் பணம். ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் வரிசையாக உள்ளன: வாசா அரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி நெய், நாள்பட்ட பழைய நெய் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இந்தக் கல்வெட்டைப் படிக்கும் எவரும் வியப்பது படுக்கைகளின் எண்ணிக்கையைத்தான். எனக்கோ விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கு ஒதுக்கிய காசுதான் பெரிதாகத் தெரிகிறது. கட்டடம் கட்டக் கொடுப்பவர் எந்தக் காலத்திலும் கிடைப்பார். ராத்திரியில் எழுந்து நோயாளியைப் பார்ப்பவருக்குக் கூலி வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று யோசித்து அதற்கும் வழி வைத்தவர்களின் அக்கறை எளிதில் கிடைப்பதன்று. இந்த ஆதுலசாலை ஊர் முழுமைக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாடசாலை மாணவர், ஆசிரியர், கோயில் பணியாளர் ஆகியோரையே கல்வெட்டு குறிக்கிறது. வயலில் உழைத்து அந்த 90 கலம் நெல்லை விளைவித்தவர்களுக்கு அதில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

இராசராசனின் தமக்கை குந்தவை தஞ்சையில் தம் தந்தை பெயரால் அமைத்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலையும் நிலக்கொடையில் நடந்ததே.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் உயில் என்னும் ஆவணம் அறத்துக்கும் கருவியாயிற்று. அதில் முன்னோடியானது பச்சையப்ப முதலியாரின் உயில். 1794 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாள் முன்பு, சொத்தை அறங்களுக்கென்று எழுதிவைத்தார். ஆனால் பணம் வழக்குகளில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்து பள்ளி ஒன்று தொடங்க 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கல்விக்கான அறம் என்றாலும், நிறைவேற்றுபவரைச் சரியாக அமர்த்தாத உயில் என்ன பாடுபடும் என்பதற்கு அரை நூற்றாண்டுச் சான்றாக நிற்கிறது. மருத்துவத்தில், 1782 பஞ்சத்தில் வடசென்னையில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயர் பழைய சென்னைவாசிகளின் வாயில் நிலைத்துவிட்டது. ராயபுரம் மகப்பேறு மருத்துவமனைக்குக் கொடை தந்த ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரை, அங்கே பிள்ளை பெற்ற குடும்பங்கள் ஆர்.எஸ்.ஆர்.எம். என்ற நான்கெழுத்தாகவே அறியும்.

இன்று உயில் எழுதுவோரைப் பெரும்பாலும் ஆள்வது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். எழுதியவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும்; பதிவு கட்டாயமில்லை. இந்து ஒருவர் தம் சுயசம்பாத்தியத்தையும் பூர்வீகச் சொத்தில் தம் பங்கையும் மட்டுமே எழுதிவைக்க முடியும். பாட்டன் வழி நிலம் மனையாகவும் ஆலையாகவும் மாறிவிட்ட இப்பகுதியில் இதை முதலில் பார்க்க வேண்டும். முஸ்லிம்கள் தம் தனிச் சட்டப்படி பொதுவாக மூன்றில் ஒரு பங்குவரை எழுதலாம். நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவர் அறத்துக்கு எழுதும் உயில், இறப்புக்கு ஓராண்டு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற 118ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003இல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் செல்லாதென்று தள்ளியது. சாகக்கிடக்கும்போது மருத்துவமனைக்குக் கொடுக்க நினைத்த ஒருவரை மதத்தைக் காட்டித் தடுத்த விதி அது, நீங்கியது நியாயம்.

அரசு மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்புவோர் அங்குள்ள நோயாளர் நலச் சங்கத்தின் வழியே கொடுக்கலாம். இயந்திரம் வாங்கித் தருவதில் பலருக்கும் விருப்பம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம் என்பதால். டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியனின் சம்பளத்துக்கும், வடிகட்டிக்கும், சுத்த நீருக்கும் மாதாமாதம் ஆகும் செலவுக்கு எழுதிவைப்பவர் அரிது. இயந்திரங்கள் உறையிட்டபடி மூலையில் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து இன்னின்ன செலவு என்று உயிலிலேயே குறித்தால் இதைத் தவிர்க்கலாம்.

தொழிற்சாலைகள் வந்தபின் இப்பகுதியில் கொடையின் பெரும்பங்கு நிறுவனங்களுடையதாகிவிட்டது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ஆண்டு லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ளவை முதலான நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கோருகிறது. ஆலை இருக்கும் இடத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. மருத்துவ முகாம், ஆம்புலன்ஸ், சுகாதார நிலையக் கருவிகள் இந்தக் கணக்கில் வருகின்றன. ஆனால் இப்பணம் செலவழிய வேண்டிய பணம். ஓர் அறக்கட்டளையின் மூலநிதியில் சேர்ப்பது 2021 முதல் சமூகப் பணிச் செலவாக ஏற்கப்படுவதில்லை. நிறுவனங்களும் இடம்பெயரக்கூடியவை; மறைமலை நகரின் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அதனால் வட்டியில் நடக்கும் நிரந்தர மருத்துவக் கொடைக்கு இன்றும் தனிமனிதரின் உயிலும் குடும்ப டிரஸ்ட்டுமே முதன்மையான வழிகளாக உள்ளன.